ராணியைத் தொடாத நோன்பு

ராயபுரம் சரக்கு யார்டு ஓரம், கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் சதுரங்கப் பலகையில் சனிக்கிழமை மாலை வெயில் பளிச்சென்று விழுகிறது. தவக்காலத்துக்குப் பீடியை விட மனமில்லாத இன்னாசி, ஈஸ்டர் வரை தன் ராணியைத் தொடுவதில்லை என்று நேர்ந்திருக்கிறார். ராணி வைத்த கட்டத்திலேயே நிற்கிறாள். தலையில் நிலக்கரித் தூசி. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இன்னாசியை ஜெயிக்காத கோதண்டம், இன்று அவருடைய ராஜாவை மூலையில் மடக்கிவிட்டான். வீட்டில் மனைவி வரலட்சுமியிடம் எப்படி அளக்கலாம் என்றுகூட யோசித்தாகிவிட்டது. ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் இன்னாசி தப்பலாம். அவர் விரல் அவள்வரை போய், பீடிக்குத் திரும்புகிறது. “இன்னா மாமு, கை திரும்பிப் போவுது?” என்கிறான் கோதண்டம். இன்னாசி தோள்துண்டை உதறி, காய் எதுவும் அசையாமல் அதைப் பலகைமேல் போர்த்துகிறார். “வெளிச்சம் பத்தல நைனா. மீதிய நாளிக்கி வச்சிக்கலாம்.” “நாளிக்கி இன்னா விசேசம்?” “ஞாயித்துக்கெழம. தவக்காலத்துலயும் அன்னிக்கி நோன்பு கெடையாது.”