முப்பது பேர் வேண்டும்

"சார், இருபத்தேழு! இப்பத்தான் ரெண்டு நர்ஸ் அக்காங்க ஃபாரம் குடுத்துட்டுப் போறாங்க!"

மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்த விரிவுரையாளரின் குரல், அரசியல் துறை அறைக்குள் அவளுக்கு முன்பே நுழைந்துவிட்டது.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தேழா? நேத்து சாயங்காலம் பதினாறுதானேம்மா இருந்துச்சு?"

"காலையில பஸ் டிப்போ வாசல்ல போய் நின்னேன் சார். ஒரு டிரைவர் கேட்டாரு, 'எங்க ரூட்டை யாரு முடிவு பண்றாங்கன்னு சொல்லித் தருவீங்களா'ன்னு. ரெண்டாவது பாடமே அதான்னேன். அவரே எட்டுப் பேரைக் கூட்டிட்டு வந்துட்டாரு!"

புதிய கல்விக் கொள்கையில் இருந்த ஒரே ஒரு பத்திதான் அவளை இப்படி ஓட வைத்திருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்காக, வயது வரம்பில்லாமல், எந்தத் துறையும் மாலை நேரப் பட்டப்படிப்பு தொடங்கலாம். ஒரே நிபந்தனை, கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் முப்பது விண்ணப்பங்கள் சேர வேண்டும்.

அந்தக் கடைசி நாள் இன்றுதான்.

பகல் வகுப்பில் ஆண்டுதோறும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. மாலை வகுப்பும் இல்லையென்றால் துறையையே மூடிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் அவளுக்கு இந்த மாதத்தோடு வேலை போய்விடும். ஆனால் அவளுடைய பரபரப்புக்கு அது மட்டும் காரணமில்லை.

"வரி கட்டினவங்க, ஓட்டுப் போட்டவங்க, வரிசையில நின்னு நின்னு ஏமாந்தவங்க சார். அவங்க வந்து பெஞ்சுல உக்காந்தா என்னென்ன கேள்வி வரும்! நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரல."

"எல்லாம் சரிம்மா. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே. கீழ வீட்டோ உக்காந்திருக்காங்க."

சேர்க்கைப் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு அரசியல் துறை வைத்த பட்டப்பெயர் அது. ஐ.நா. சபையின் 'வீட்டோ' அதிகாரம் போல, எந்தக் காகிதம் போனாலும் தடுத்து நிறுத்திவிடுவார்.

"அதை ஏன் கேக்குறீங்க! ஒரு கண்டக்டர் பச்சை மையில எழுதிட்டாருன்னு ஃபாரத்தைத் திருப்பிட்டாங்க. முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, 'ஆறு மணிக்கு வகுப்புன்னா, அஞ்சே முக்காலுக்கு வேலை முடிக்கறவங்க எப்படி வர்றது'ன்னு கேட்டாங்க. ஆறரைன்னு மாத்தினேன். அப்புறம், முப்பது வருஷத்துக்கு முந்தின மார்க் ஷீட் செல்லுமா, செல்லும்னா எந்த விதிப்படின்னு கேட்டாங்க. ராத்திரி பகலா உக்காந்து விதியைத் தேடி எடுத்துக் குடுத்தேன்."

"உன் பொறுமை எனக்கு வராதும்மா."

மூன்று மணிக்கு ஒரு முடிதிருத்துநரும், அவருடைய கடைக்கு வழக்கமாக வரும் தபால்காரரும் சேர்ந்தே வந்தார்கள். இருபத்தொன்பது! முப்பதாவது ஆள் லிஃப்ட் மெக்கானிக். மூன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மூன்றே முக்காலுக்கு அவர் போன் வந்தது. "மேடம், மன்னிச்சுக்குங்க. ஏழாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஆளுங்க இருக்காங்க. விட்டுட்டு வர முடியாது."

துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதையா..."

அவள் முழுதும் கேட்கவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே ஓடினாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் அம்மா குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒருத்தர்தான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவாரு. ஒரு மணி நேரம் மட்டும்..."

"நாலுன்னா நாலு."

"இருபத்தொம்பது பேர் மேடம்! வேலை முடிஞ்சும் முடியாம ஓடி வந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"விதி எனக்கும் ஒண்ணுதான், உங்களுக்கும் ஒண்ணுதான்." எழுதுவதை நிறுத்தி, முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு கேக்கணும். வகுப்பை ஆரம்பிச்சு வச்சுட்டு நீங்க வேற எங்கயாவது போயிடுவீங்களா? இல்ல, மூணு வருஷமும் நீங்கதான் பாடம் எடுப்பீங்களா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "வகுப்பே இல்லன்னு ஆகப்போகுது, இப்பப் போய் இதைக் கேக்குறீங்களே! நான்தான் மேடம் எடுப்பேன். ஒரே ஒருத்தர் வந்து உக்காந்தாலும் மூணு வருஷமும் நான்தான் எடுப்பேன்."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மீண்டும் குனிந்துகொண்டார்.

முத்திரை விழும் சத்தம் கேட்டது. பதிவேட்டின் பக்கம் புரண்டது. மணி நான்கு. ஜன்னல் கதவு இறங்கியது.

பின்னாலேயே இறங்கி வந்த துறைத்தலைவர் அவள் தோளைத் தட்டினார். "விடும்மா. உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்ட."

பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த கண்காணிப்பாளர் அம்மா, விண்ணப்பக் கட்டை அவளிடம் நீட்டினார். "எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. முப்பது."

"இருபத்தொம்பது மேடம்."

"நாலு மணிக்கு முன்னாடி பதிவானது முப்பது. என் பதிவேட்டுல இதுவரைக்கும் தப்பு வந்து பாத்திருக்கீங்களா?"

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது...

முப்பதாவது விண்ணப்பத்தில் பசை இன்னும் காயவில்லை. அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில், அந்தக் கல்லூரியில் யாரும் ஒருநாளும் கண்டிராத விதமாக, வீட்டோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.