பெருக்கல் இரண்டு

“நாப்பத்தொரு பேர் ரெண்டால பெருக்கியிருக்காங்க. நீ ஒருத்தன் மட்டும் பெருக்கல்ல. அப்ப ஆரு பிழை? சொல்லு பாப்பம்!”

விரிவுரையாளர் யோகராசா விடைத்தாளை மேசையில் போட்டார். தண்ணீர் ஓட்டத்தைக் கணக்குப் போடும் பாய்மவியல் என்றாலே பொறியியல் மாணவர்களுக்குக் காய்ச்சல் வரும். யோகராசா படிப்பித்தால் அது டெங்குவாகிவிடும்.

எதிரே நின்ற தனோஜன் இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரு முறை கோட்டை விட்டவன். இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த ஒரு கணக்குக்குப் புள்ளி கிடைத்தால் பாஸ். கிடைக்காவிட்டால் பட்டமும் இல்லை, கொழும்பில் காத்திருக்கும் வேலையும் இல்லை.

“சேர், அந்த ரெண்டு எங்கிருந்து வருது?”

யோகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாத கேள்வி வந்தால் அவருடைய கண்ணாடி உடனே அழுக்காகிவிடும்.

“அது பாதுகாப்புக்கு. வாய்க்கால் உடைஞ்சா கிரான் வட்டை வயல் முழுக்க வேளாண்மை தண்ணிக்குள்ள போகும். அதுக்காக ரெண்டு மடங்கு.”

“கேள்வியில வாய்க்காலே இல்லையே சேர். வீட்டுக் குழாய்தானே?”

“குழாய் உடைஞ்சாலும் தண்ணிதானே தம்பி வரும்! கனக்கக் கதைக்காத. மூண்டு நாள் மண்டையப் போட்டு உடைச்சு நானே எழுதின விடை இது. அதில ரெண்டு இருக்கு.”

“மத்தவங்க எல்லாம் யூடியூப்ல ‘வாவிக்கரை வாத்தியார்’ சானலப் பாத்து எழுதினவங்க சேர்.”

“சீ! அந்தக் குப்பைய நான் திறந்தும் பாத்ததில்ல. முகத்தக் காட்டாம, பச்சைப் பேனையால கிறுக்கிக்கிட்டு, அவனும் ஒரு வாத்தியாராம்!”

தனோஜன் அவரையே பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். சொல்லப்போவது நாற்பத்தொரு நண்பர்களில் ஒருவன் காதில் விழுந்தாலும் அவனை உயிரோடு விடமாட்டார்கள். ஆனாலும் வேலையை நினைக்க அழுகை வந்தது.

“சேர், ஒண்டு சொன்னா வேற ஒருத்தருக்கிட்டயும் சொல்லமாட்டீங்கதானே?”

“என்னத்த? காப்பி அடிச்சனியா?”

“நான் இல்ல சேர்.”

“அப்ப ஆரு?”

தனோஜன் குரலைத் தாழ்த்தினான்.

“அந்தச் சானல் என்ட சேர். அந்தக் கணக்கச் செய்து காட்டக்குள்ள அம்மா போன்ல கோல் எடுத்து, வரக்குள்ள ரெண்டு சட்டி தயிர் வாங்கி வா எண்டவ. மறக்காம இருக்க அந்த வரியிலயே ரெண்டு எண்டு எழுதிவச்சு, பிறகு தெரியாம அதையும் சேத்துப் பெருக்கிட்டன். சோதினை எழுதக்குள்ளதான் எனக்கே விளங்கினது. உங்கட விடையில இருக்கிறதும் எங்கட அம்மாட தயிர்தான் சேர்!”