காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம்

சந்தையில் நடந்த சண்டையில் செவலை நாயின் காதுக்குப் பின்னால் கறுப்பன் என்ற நாய் கடித்துவிட்டது. இரண்டே நாளில் அந்த இடம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. எவ்வளவு வளைந்தும் செவலையின் நாக்கு அங்கே எட்டவில்லை. ஈ மொய்த்தது. காய்ச்சலில் சோறும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கறுப்பனே வந்து நின்றது. செவலை உறுமியது.

“கடிச்சது நான். எங்கே வலிக்கும்னு எனக்குத்தான் தெரியும். காட்டு” என்றது கறுப்பன்.

வேறு வழியில்லாமல் செவலை தலையைச் சாய்த்தது. கறுப்பன் தினமும் வந்து, பல் படாமல் நக்கிச் சுத்தம் செய்தது. ஒரு வாரத்தில் சீழ் வெளியேறி வீக்கம் வடிந்தது.

“ஆறிடுச்சு. இனி நான் வர வேண்டியதில்லை” என்றது கறுப்பன்.

செவலை நகர்ந்து அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

“சும்மாவாவது வந்துட்டுப் போ” என்றது.