பலகைக்குப் பின்னால்

"பெட்டி எங்க?" என்று அன்றைக்குக் கேட்டாள் ஆறுமுகத்தாய்.

"பெட்டியே கிடையாதுட்டி. வெறும் பலகைதான்." ஓட்டை போட்ட இரண்டு பிளைவுட் பலகைகளில் ஸ்பீக்கர்களைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டு, அவள் கணவர் காசிராஜன் பெருமையாக நிமிர்ந்தார். "பெட்டிக்குள்ள அடைச்சா சத்தமும் அடைஞ்சமாதிரிதான் வரும். இதுல முன்னால வாரமாதிரியே பின்னாலயும் வரும். ஆளே வந்து நின்னு பேசுதமாதிரி இருக்கும்."

"பக்கவாட்டுல?"

"அங்கன முன்சத்தமும் பின்சத்தமும் ஒண்ண ஒண்ணு அழிச்சிரும். பாதிகூடக் கேக்காது."

"நல்லா செஞ்சிய போங்க! தறிச் சத்தத்துல காது போன மனுசனுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்."

அன்றைக்கு இருவருமே சிரித்தார்கள். இப்போது அந்தப் பேச்சுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர் பலகைகளைத் திருப்பி வைத்திருந்தார். அதுவரை அடுப்படியைப் பார்த்து நின்றவை, இப்போது அடுப்படிக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன.

ஏன் என்று கேட்டதற்கு, "பேஸ் சத்தம் சரியா வரல" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

தறிக்கூடத்திலிருந்து வந்ததும் செல்போனை இணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவள் தோசைக்கல்லைப் போட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறார். சொல் பிரியாத முணுமுணுப்புதான் அடுப்படிக்கு வருகிறது. எட்டிப் பார்த்தால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கிறார். கூடத்துக்குள் கால் வைத்தால், சட்டென்று சினிமாப் பாட்டு.

நேற்று, சத்தம் அழிந்தது போக மிச்சமாக ஒரு சிரிப்பு அடுப்படிக்கு வந்தது. பெண் சிரிப்பு.

தறிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சுமதியா? இவர் தலைக்கு மை பூச ஆரம்பித்ததும் அந்தப் பெண் வந்த பிறகுதானே?

இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு இப்படி ஒரு சந்தேகத்தை யாரிடம் சொல்ல முடியும்? அம்மன் சந்நிதியில் நின்றுகூட அவளுக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு அடுப்பை அணைத்தாள்.

"துணி எடுக்கப் போறேன்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினாள். கொடிப்பக்கம் போகவில்லை. கூடத்து ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்றாள்.

பலகைகளின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அடுப்படிக்கு மட்டும்தான் காவல் போட்டிருந்தார்.

"அப்பா, இவன் பேசுதத கேளுங்க..."

யாரோ கூடத்துக்குள்ளேயே நின்று பேசுவதுபோல இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

பிறகு, பல் முளைக்காத வாயிலிருந்து ஒரு மழலை: "த்தா... த்தா..."

அதே சிரிப்பு. "அம்மைக்குத் தெரிய வேண்டாம்ப்பா. உங்களத்தான் ஏசுவா."

ஆறுமுகத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாரிசெல்வி.

தனக்குப் பிடித்தவனோடு சிவகிரிக்குப் போய்விட்ட மகள். அவள் போன அன்று, செத்துப்போனாள் என்று முற்றத்தில் நின்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டது காசிராஜன் அல்ல. "இனிமே அவ சத்தம் என் காதுல விழப்பிடாது" என்று சொன்னதும் அவர் அல்ல.

கம்பியில் வளையல் இடித்தது. காசிராஜன் பதறி எழுந்தார். கூடம் அமைதியானது.

ஜன்னலுக்கு வந்தவருக்கு முகம் வெளிறியிருந்தது. "தாயி... உனக்குக் கேக்கப்பிடாதுன்னுதான் நான்..."

"சளி பிடிச்சிருக்கு அவளுக்கு," என்றாள் ஆறுமுகத்தாய். "தொண்டை கட்டியிருக்கு."



அன்றைக்கு ஊற்றிய தண்ணீர் தலையில் காய்வதற்கு முன்பே தொண்டை வரைக்கும் வந்து நின்றுபோன ஒன்றை, இப்போது அந்தக் கம்பிகளுக்கு இடையே சொன்னாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."