ஒரு மணி நேர அம்மா

“அதிகாரி கேட்டா என்ன சொல்லணும்? இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள் அக்கா.

“துணி மில்லுல வேலை. ராத்திரி ஷிஃப்ட். பகல்ல வீட்டுலதான் இருப்பேன்.”

“சின்னவளுக்கு எது ஒத்துக்காது?”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் திருதிருவென்று விழித்தாள். “முட்டையா?”

“பாலு!” என்று கட்டிலிலிருந்து கத்தினாள் வாண்டு. “எத்தனை தடவை சொல்றது? சரியான மக்கு அம்மா!”

வாண்டுக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினேழு. அப்பா கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. வாண்டு கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

பத்து மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி வருகிறார். வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று தெரிந்தால் வாண்டை விடுதியில் சேர்த்துவிடுவார்கள். அக்காவுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

அதனால்தான் அக்கா இந்த அம்மாவைப் பிடித்து வந்திருந்தாள். எங்கிருந்து என்று கேட்டதற்கு, “வாயை மூடிக்கிட்டுத் தலையைச் சீவு” என்றுதான் பதில் வந்தது. குளியலறைக் குவளையில் மூன்றாவதாக ஒரு பல் பிரஷ்ஷும் வந்துவிட்டது. புதிதாகத் தெரியக் கூடாதென்று அக்கா அதைத் தரையில் தேய்த்து வைத்திருந்தாள்.

அதிகாரி வந்தார். குளியலறை வரை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார்.

“சின்னப் பொண்ணுக்கு ஏதாவது ஒத்துக்காம போகுமா?”

“பால், சார். குடிச்சா உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும்.”

வாண்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அடையாள அட்டை இருக்கா?”

அந்தப் பெண் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கோப்போடு ஒப்பிட்டுத் தலையாட்டினார். போலி அட்டைகூடத் தயார் பண்ணிவிட்டாளே, அக்கா லேசுப்பட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் வாண்டு.

“இவ பிறந்த தேதி என்கிட்ட இருக்கு. அன்னைக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்காம்மா?”

அக்காவின் முகம் வெளுத்தது. இது பாடத்திலேயே இல்லாத கேள்வி.

“செவ்வாய்க்கிழமை” என்றாள் அந்தப் பெண். “விடியக்காலை நாலேகால். கொட்டுற மழை, கரண்ட் வேற இல்ல. நர்ஸு டார்ச் பிடிச்சாங்க. இவ அழவே இல்ல சார், முதுகுல தட்டினப்புறம்தான் அழுதா.”

அதிகாரி சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். “பிள்ளைங்களை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு வரேன்.”

அவர் தெருமுனை திரும்பும் வரை அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள்.

“நன்றி. நீங்க கிளம்பலாம்” என்றாள் அக்கா.

“ஆறு மாசம் கழிச்சு வருவேன்னு சொன்னாரே… அப்ப நானும்…”

“தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்.”

அந்தப் பெண் வாண்டின் தலையைத் தொடக் கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

வாண்டு கட்டிலில் ஏறிக் குதித்தாள். “அக்கா! மழையாம், டார்ச்சாம்! கண்ணால பார்த்த மாதிரியே என்னமா அளக்கிறாங்க! எங்கேதான் பிடிச்சே இவங்களை?”

மூன்றாவது பிரஷ்ஷைக் குப்பையில் போட எடுத்த அக்கா, சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு குவளையிலேயே திருப்பி வைத்தாள்.

“உன் பிறப்புச் சான்றிதழ்ல, தாய்னு போட்டிருந்த இடத்துல பேரும், கீழ அவங்க ஊர் விலாசமும் இருந்துச்சு. அதை வச்சுத்தான் தேடிப் பிடிச்சேன்.”