அசனச் சோறு

"சோத்தைக் களவாண்டுட்டுப் போயிட்டான், அந்தச் சமையக்காரன்."

ஞாயிறு ஆராதனை முடிஞ்சு, பசியோட வெளியே வந்த சபை அப்படியே நின்னுட்டுது. வேதக்கோயிலுக்குப் பின்னால அடுப்பு மட்டும் புகைஞ்சுக்கிட்டிருக்கு. சோத்து அண்டாவைக் காணோம், கறிக்குழம்பைக் காணோம், இலைக்கட்டைக்கூடக் காணோம்.

தாராவியில அந்த வருஷம் அரிசிக்கு என்ன பாடுபட்டோம்னு இருந்தவங்களுக்குத்தான் தெரியும். ரேஷன்ல போடுற கொஞ்சத்துலயும், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து ஒதுக்கி, மாசக்கணக்கா சேர்த்துக் கோயிலுக்குக் கொடுத்த அரிசி அது. வருஷத்துக்கு ஒரு நாள், சபையார் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற அசனத்துக்காக. பிள்ளைக வயித்துல மிச்சம் பிடிச்ச அரிசி போச்சுன்னா கோபம் வராம என்ன செய்யும்? எனக்கே அவனைக் கடிச்சுத் துப்பணும் போல இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், நம்ம ஆளா பார்த்துப் போடுங்கன்னு," சொன்னா கிருபை. "அம்மன் கோயில் கொடைவிழாவுக்குச் சமைக்கிறவனைக் கொண்டாந்து வேதக்கோயில்ல விட்டா, அவன் இதுதான் செய்வான்."

சபை மூப்பர் ஞானசிகாமணிக்கு முகமெல்லாம் சிவந்துபோச்சு. குருவானவர் ஊருக்குப் போயிருந்ததால அன்னைக்குப் பிரசங்கமும், அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஜெபமும் அவர்தான் செஞ்சார். அவ்வளவு நேரம் கத்தியும் தொண்டை ஓயலை.

"போலீஸ் சௌக்கிக்கு ஆள் அனுப்புங்க. அவனை உள்ள தள்ளாம நான் விடப்போறதில்லை. இனிமே பம்பாயில எந்த வீட்டுலயும் அவன் கரண்டி பிடிக்கக் கூடாது."

ஆள் கிளம்புறதுக்குள்ள அந்தச் சமையக்காரன் சொரிமுத்துவே வந்துட்டான். கைவண்டியைத் தள்ளிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து. வண்டியில அண்டாக்கள் இருந்தது. எல்லாம் காலி.

மூப்பர் பாய்ஞ்சு போய் அவன் தோள்துண்டைப் பிடிச்சு இழுத்தார்.

"சோறு எங்கலே?"

"போட்டாச்சு, ஐயா."

"யாருக்குப் போட்ட?"

"தோல் கிடங்குப் பக்கம் நேத்துக் குடிசையெல்லாம் எரிஞ்சுபோச்சுல்லா, அவுகளுக்கு. நாகூர் கனி பாய் குடும்பம், அக்கம்பக்கத்துக் குடும்பம் எல்லாரும் ரோட்டுலதான் கிடக்காவ. உட்கார வச்சு, இலை போட்டுப் பரிமாறினேன். பிள்ளைக மறுசோறு கேட்டு வாங்கித் தின்னுச்சு."

தீப்பிடிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். அந்தப் புகை கோயில் ஜன்னல் வரைக்கும் வந்தது. காலையில அந்த ஜனங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வந்து கோயில் வாசல்ல நின்னதும் தெரியும். "உங்களுக்காக ஜெபம் பண்றோம், சமாதானமாப் போங்க"ன்னு சொல்லிக் கேட்டைச் சாத்தினது மூப்பர்தான். அப்போ எங்கள்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

"சபைச் சோத்தை எடுத்துக் கண்டவனுக்கும் போட உனக்கு எவன்லே உத்தரவு கொடுத்தது?" மூப்பர் கையை ஓங்கிட்டார்.

சொரிமுத்து விலகலை. அடி விழப்போற பயத்தைவிட, நடக்கிறது ஒண்ணும் புரியாத முழிதான் அவன் முகத்துல இருந்தது.

"நீங்கதான், ஐயா."

"என்னது?"

"எங்க அம்மன் கொடையில தர்மகர்த்தா மைக்ல ஒண்ணு சொன்னா, சமையக்கட்டுக்கு அதுதான் உத்தரவு. மறுபேச்சு கிடையாது. இன்னைக்குக் குழம்பைக் கிண்டிக்கிட்டே நீங்க மைக்ல சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கிரியை இல்லாத விசுவாசம்னு என்னமோ சொன்னிய, அது எனக்கு விளங்கலை. ஆனா, பசிச்சவனுக்குச் சோறு போடாம சாமி பேரைச் சொல்லுதவன் பொணத்துக்குச் சமம்னு சத்தம் போட்டிய பாருங்க, அது விளங்கிச்சு. பக்கத்துத் தெருக்காரன் பட்டினி கிடக்கையில நீ எப்படிலே இலை முன்னால உட்காருவேன்னு கேட்டிய. நாளைக்குன்னு தள்ளாத, இன்னைக்கே கொண்டுபோய்க் கொடுன்னிய. நான் உடனே எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டேன்."

ஓங்கின கை மெல்ல இறங்கிச்சு. கிருபை தரையைப் பார்த்தா. சௌக்கிக்குக் கிளம்பின ஆள் படியில உட்கார்ந்துட்டான்.

சொரிமுத்து மூப்பரையும் சபையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்க மைக்ல சொல்லுறது செய்யிறதுக்கு இல்லைன்னு என்கிட்ட யாரும் சொல்லலியே, ஐயா."