சேலை கட்டிய மிஷின்

மிளகாய் அரைக்கும் மிஷின் கடையை விட்டுப் போய்ச் சரியாக இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அது இருந்த இடத்தில் ரேணுகாதேவி ஒரு தண்ணீர் டிரம்மை வைத்து, மேலே அண்டாவைக் கவிழ்த்து, பழைய சேலையைப் போர்த்திப் பொட்டும் வைத்தாள்.

டிரம்முக்குள் அவள் கணவன் இன்பராஜ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நான் சுவிட்சைத் தட்டுனதும் சத்தம் குடுக்கணும். கேட்டுச்சா?"

"மிளகா அரைக்கிற சத்தமா, மல்லி அரைக்கிற சத்தமா?" என்றது டிரம்.

"வாயில வர்ற சத்தம்!"

மிஷின் என்னவோ அவளுடையதுதான். பேங்கு லோனில் வாங்கியது, பில் இருக்கிறது. ஆனால் பரளச்சி ஊரில் அவளுக்குத் தெரிந்த பேச்சி, மிஷின் வாங்கக் கொடுத்த லோன் பணத்தில் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு, பேங்கு ஆய்வுக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று கண்ணைக் கசக்கினாள். ஒரு நாளைக்குத்தானே என்று ரேணுகா கொடுத்தனுப்பினாள்.

இன்று காலை போன் போட்டால் பேச்சி இழுத்தாள். "நம்மளை மாதிரியே பாளையம்பட்டியில ஒருத்தவுக கேட்டாகக்கா. பாவமா இருந்துச்சு, குடுத்துட்டேன். பேரு தெரியல."

இன்றைக்குப் பார்த்துப் பந்தல்குடியில் ரேணுகா கடைக்கே ஆய்வு. இடத்தில் மிஷின் இல்லையென்றால் மானியம் போய்விடும், லோனை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள்.

பேங்கு ஆபீசர் அரவிந்த்குமார் வாசலில் கால் வைக்கும்போதே நாலு தும்மல் போட்டார். மூக்கு சிவந்திருந்தது.

"உடம்புக்குச் சேரலையா சார்?"

"காலையிலருந்து இப்பிடித்தாம்மா. மிஷினைக் காட்டுங்க."

"பூசை போட்டு மூடியிருக்கு சார். இன்னைக்குச் சேலையை எடுக்கக் கூடாது."

"எத்தனை குதிரைத் திறன்?"

"அஞ்சு சார்."

"மூணு" என்றது மிஷின்.

ரேணுகா பலமாக இருமினாள். "மூணுதான் சார், தொண்டை கட்டிருக்கு."

"சரி, ஓட்டுங்க."

சுவிட்சைத் தட்டினாள். 'டகடகடகடக' என்று மிஷின் ஓடியது. ஆபீசர் தலையை ஆட்டியபடி எழுதினார்.

அந்த நேரம் கரண்ட் போனது. பல்பு அணைந்தது, ஃபேன் நின்றது. மிஷின் மட்டும் நிற்கவில்லை.

ஆபீசர் ஃபேனைப் பார்த்தார். பிறகு மிஷினைப் பார்த்தார். ரேணுகா டிரம்மை ஓர் உதை விட்டாள். "ஆத்தீ!" என்று சொல்லிவிட்டு மிஷின் நின்றது.

மானியம் போயிற்று, கடை போயிற்று. இனி உண்மையைச் சொல்லிக் காலில் விழ வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள்.

ஆபீசரோ 'மிஷின் நல்ல நிலையில் ஓடுகிறது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நீட்டினார். ரேணுகாவுக்கு நம்ப முடியவில்லை.

பைக் வரை போனவர் திரும்பி வந்து, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சந்தேகம்மா. மிளகாயைக் கொட்டுனதும் மேல் மூடி பறந்து, தூளெல்லாம் மூஞ்சியில அடிக்குதே. அதை எப்பிடி அமுக்கணும்?"

"எந்த மூடி சார்?"

"உங்க மிஷினு மூடிதான். பாளையம்பட்டியில எங்க வீட்லதான் இருக்கு, நாளைக்கு என் சம்சாரத்துக்கு ஆய்வு."